எத்தனை பட்டா, எத்தனை அடுப்பு: விவசாயக் கைப்பற்றைக் கணக்கெடுப்பது எப்படி

அக்கா பேரன் சேப்பாக்கத்தில் புள்ளியியல் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கம் வீட்டுக்கு வந்தவன், "சின்னப் பாட்டி, மாதவரம் பக்கம் போய் விவசாயக் குடும்பங்களைக் கணக்கெடுத்து வரச் சொல்லியிருக்காங்க. விவசாயக் குடும்பம்னா என்னன்னு மட்டும் சொல்லிடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றான். அந்த 'மட்டும்' கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் கணக்கெடுப்பு வேலையில் ஊர் ஊராக அலைந்தவள் நான். அலைந்ததில் பாதி அந்த 'மட்டும்'க்காகத்தான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதலில் கைப்பற்று, அப்புறம் குடும்பம். இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கிளம்பினால் சாயங்காலம் கையில் இருப்பது குப்பைதான்.

நம் நாட்டில் வேளாண் கணக்கெடுப்பு 1970-71இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2021-22க்கானது பதினோராவது. இது ஆட்களை எண்ணுவதில்லை, கைப்பற்றுகளை எண்ணுகிறது. ஒருவரோ, சிலர் சேர்ந்தோ, ஒரே நிர்வாகத்தில், அதே ஆட்களையும் மாடுகளையும் கருவிகளையும் வைத்துச் சாகுபடி செய்யும் மொத்த நிலமும் ஒரு கைப்பற்று. நிலம் எத்தனை துண்டாகக் கிடக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு சிறியது என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை. 'யாருடைய நிலம்' என்ற கேள்விக்குப் பதில் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. நமக்கு வேண்டியது 'யார் பயிர் வைக்கிறார்' என்பதற்கான பதில்.

1990-91 கணக்கெடுப்பில் நான் புதுசு. பொன்னேரிப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு பட்டாவை எடுத்து நீட்டினார்கள். இறந்துபோன அப்பா பெயரில் 80 சென்ட், மூத்தவருக்கு 1 ஏக்கர் 20 சென்ட், இளையவருக்கு 60 சென்ட், அம்மாவுக்குச் சீதனமாக வந்தது 90 சென்ட். நான்கு வரி எழுதி, நான்கு கைப்பற்று என்று கணக்கை முடித்தேன். மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்பினார், ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு கேள்வி: "எத்தனை அடுப்பு?" திரும்பப் போய்ப் பார்த்தால் ஒரே அடுப்பு. ஒரே பம்புசெட், ஒரே ஜோடி மாடு, நாற்று விடும் நாளை மூத்தவர்தான் சொல்வார். ஆக ஒரே கைப்பற்று, மூன்றரை ஏக்கர், அதாவது 1.42 ஹெக்டேர். ஒரு ஹெக்டேருக்குக் கீழே என்றால் குறு, ஒன்று முதல் இரண்டு வரை சிறு. நான் எழுதிய நான்கு குறு விவசாயிகளும் அந்த ஊரில் இல்லவே இல்லை. இருந்தது ஒரு சிறு விவசாயி. 2015-16இல் நாட்டின் சராசரிக் கைப்பற்று 1.08 ஹெக்டேர் என்று வந்தது. இப்படிப் பட்டா பார்த்து எழுதுகிறவர்கள் அதிகமானால் அந்தச் சராசரி தானாகத் தேயும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரே கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பி தனி அடுப்பு, வரப்பு போட்டுத் தனித்தனியே பயிர் என்றால் இரண்டு கைப்பற்று. தனி அடுப்பாக இருந்தும் செலவையும் விளைச்சலையும் பங்கு போட்டுக்கொண்டு சேர்ந்தே செய்கிறார்கள் என்றால் ஒன்றுதான், ஆனால் 'கூட்டு' என்ற இனத்தில் வரும். கோயில், பள்ளிக்கூடம், அரசுப் பண்ணை நேரடியாகச் சாகுபடி செய்தால் 'நிறுவனம்'. கோயில் நிலத்தையே குத்தகைக்கு எடுத்து ஒருவர் பயிரிட்டால் அது அவருடைய கைப்பற்று, கோயிலுடையதல்ல.

குத்தகையில்தான் பொய் அதிகம். நிலத்துக்காரர் வாசலிலேயே நின்று "நானேதான் பண்றேன்" என்பார். குத்தகைதாரர் பெயர் ஏதாவது தாளில் ஏறிவிட்டால் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தைக் காட்டி நிலத்தைக் கேட்பாரோ என்ற பயம். அதனால் பட்டாவில் பேச்சைத் தொடங்கவே கூடாது. "போன நவரைக்கு (மார்கழி, தை வாக்கில் தொடங்கும் நெல் பட்டம்) என்ன ரகம் போட்டீங்க? நாத்து எங்கே விட்டீங்க? யூரியா மூட்டை என்ன விலைக்குக் கிடைச்சுது?" என்று ஆரம்பியுங்கள். பயிர் வைத்தவர் வாய் ஓயாது. வைக்காதவர், "அதெல்லாம் ஆளு பாத்துக்கறான்" என்பார். அந்த ஆள் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால், முடிவும் லாபநட்டமும் நிலத்துக்காரருடையவை. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் 'கத்தரி போடு' என்று சொல்லி, நட்டத்தையும் தானே தாங்குபவர் சாகுபடிதாரர்தான், சேற்றில் கால் வைக்காவிட்டாலும். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கோ, குத்தகைக்கோ விட்டிருந்தால் நிலத்துக்காரர் கணக்கிலிருந்து கழித்துப் பயிரிடுபவர் கணக்கில் ஏற்றுங்கள்.

கணக்கில் எடுக்கும் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. வருவாய்த் துறையின் பசலி ஆண்டும் அதேதான், எனவே எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் அடங்கலோடு ஒப்பிடுவது சுலபம். 2021-22க்குப் பசலி 1431 அடங்கலைப் பாருங்கள். அந்த ஆண்டில் கொஞ்சமாவது விளைந்திருந்தால் பக்கத்தில் கிடக்கும் அவருடைய தரிசும் கைப்பற்றில் சேரும். வருஷம் முழுக்க எதுவுமே விளையாமல், பிளாட் கல் நட்டு விலைக்காகக் காத்திருக்கும் இரண்டு ஏக்கர் சேராது. சென்னையைச் சுற்றி இதுதான் ஏராளம். ஒரே ஆள் பல ஊரில் பயிர் வைத்திருந்தால் ஒரு வட்டத்துக்குள், அதாவது ஒரு தாலுகாவுக்குள், இருப்பதை மட்டும் கூட்டுகிறோம். அடுத்த வட்டத்தில் இருப்பது அங்கே தனிக் கைப்பற்றாகிவிடும். இந்த ஏற்பாடு எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை.

சரி, இனி குடும்பம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அது எப்போது விவசாயக் குடும்பம் ஆகிறது? தேசிய மாதிரி ஆய்வு 2003இல் கையில் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும் என்றது. 2013இல் நிலத்தை விட்டுவிட்டு, ஆண்டு விளைபொருள் மதிப்பு 3000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும், வீட்டில் ஒருவராவது விவசாயத்தைச் சொந்தத் தொழிலாகச் செய்ய வேண்டும் என்றது. 2019இல் அந்த 3000ஐ 4000 ஆக்கியது. பால், கோழி, மீன், தேனீ எல்லாம் இதில் விவசாயமே.

எங்கள் தெரு முனையில் ஒருவர் மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். சென்ட் நிலம் கிடையாது. மாடு கட்டுவதே கார்ப்பரேஷன் ரோட்டில். 2019 இலக்கணப்படி அவர் வீடு விவசாயக் குடும்பம். வேளாண் கணக்கெடுப்பில் அவருக்கு இடமே இல்லை, ஏனென்றால் நிலமில்லாமல் கால்நடை மட்டும் வைத்திருந்தால் அது கைப்பற்று ஆகாது. எதிர் வீட்டு மாமிக்கு மாடித் தோட்டத்தில் நாற்பது பை, தக்காளியும் வெண்டையும். "அப்போ நானும் விவசாயியா?" என்று கேட்டார். விற்காமல் வீட்டில் சமைப்பதற்கும் மதிப்புப் போட்டால் 4000 தாண்டிவிடும் போல. ஆனால் அது அவருடைய தொழிலில்லை, மாடி விளைநிலமும் இல்லை. இரண்டு கணக்கிலும் வர மாட்டார். சொன்னதும் மாமிக்கு முகம் வாடிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல் அடுத்த வாரம் பையனோடு நானும் பஸ் ஏறினேன். மாதவரம் தாண்டிச் செங்குன்றம் போகிற வழியில், மனைக் கற்களுக்கு நடுவே ஒரு கீரைக்கொல்லை. ஒரு அம்மா வரப்பில் குந்தி, அரைக்கீரையை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தார். வேப்பமர நிழலில் நின்ற அவர் வீட்டுக்காரர் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னார். பையன் சாகுபடிதாரர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிவிட்டான்.

"அடுத்த பாத்திக்கு என்ன விதை வாங்கப்போறீங்க?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். "சிறுகீரை" என்றார் அந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல். விதைக்காரருக்குப் பாக்கி எவ்வளவு, கோயம்பேட்டுக்கு எந்த வண்டியில் கட்டு ஏறும், எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் வேலை, அன்றைக்கு லீவு. 2015-16இல் நாடு முழுக்கப் பெண்கள் நடத்தும் கைப்பற்று நூற்றுக்குப் பதினான்கு என்று வந்தது. நிழலில் நிற்பவரைக் கேட்டு எழுதிய தாள்கள் அதில் எத்தனையோ.

பையன் பெயரை அடித்துத் திருத்தினான். "நிலம் யாருதும்மா?" "அண்ணா நகர்ல இருக்காரு. வீடு கட்டுற வரைக்கும் வெச்சுக்கோன்னு சொன்னாரு. காசெல்லாம் வாங்கறதில்ல." குத்தகை இல்லை, சொந்தமும் இல்லை, மூன்றாவதாக 'வேறு வகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போடச் சொன்னேன். எவ்வளவு நிலம் என்று கேட்டதற்கு, "பதினாறு பாத்தி" என்றார். பாத்தியை வைத்து ஒன்றும் எழுத முடியாது. டேப் பிடித்தோம்: 108 அடிக்கு 80 அடி, 8640 சதுர அடி. சென்டுக்கு 435.6 என்று வகுத்தால் ஏறக்குறைய 20 சென்ட். 0.08 ஹெக்டேர், குறு, பெண் என்று எழுதிவிட்டு, பையன் அடுத்த கொல்லைக்கு வரப்பேறிப் போனான்.