கணினியை அளவுக்கு மீறிக் குளிர்விக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் என்னிடம் வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். பழைய பிரிட்ஜுக்குள் கேபினெட்டை வைக்கலாமா, ஏசி காற்றை நேராக உள்ளே விடலாமா, மதர்போர்டை எண்ணெயில் மூழ்கடிக்கலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சென்னையில் கணினி அசெம்பிள் செய்து, பழுது பார்த்து வரும் எனக்கு இந்த ஆர்வம் பிடிக்கும். நாங்கள் தொடங்கிய காலத்திலும் இதே யோசனைகள்தான், சறுக்கியதும் இதே இடங்களில்தான். புதிதாக வருபவர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தூசி தட்டுவது, பேன் எந்தப் பக்கம் ஊத வேண்டும், பேஸ்ட் எவ்வளவு தடவ வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பிரிட்ஜுக்குள் கணினி

கேம் ஓடும்போது ஒரு நல்ல கணினி 400 வாட் மின்சாரம் இழுக்கிறது என்றால், ஏறக்குறைய அந்த 400 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். வீட்டு பிரிட்ஜ் அப்படி ஓயாமல் வரும் வெப்பத்தை வெளியேற்றச் செய்யப்பட்டதல்ல. உள்ளே வைத்த காய்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்து, அந்தக் குளிரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. கணினியை உள்ளே வைத்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கம்ப்ரஸரும் போகும்.

சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்குவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான்.

எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும், எத்தனை பேன் மாட்டினாலும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கே பெரிய ஆபத்து கிடையாது. ஐஸ், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு, ஏசி குழாய் இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல மதர்போர்டும் வியர்க்கத் தொடங்கும்.

எந்த வெப்பநிலைக்குக் கீழே ஒரு பொருள் போனால் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் நீராகப் படியுமோ, அதைப் பனிநிலை என்கிறோம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். அதாவது, 25 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய்கூட வியர்க்கும். ஏசி போட்ட அறையில் 24 டிகிரி, 50 சதவீதம் ஈரப்பதம் என்றால் பனிநிலை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த அறையில் 16 டிகிரித் தண்ணீர் ஓடினாலும் குழாய் காய்ந்தே இருக்கும். ஆனால் மின்சாரம் போய், ஏசி நின்று, யாராவது ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்தக் கணக்கு சில நிமிடத்தில் தலைகீழாகும்.

ஒரு தம்பி தன் கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. தெர்மகோல் பெட்டி நிறைய ஐஸ், அதற்குள் ஒரு பம்ப், அங்கிருந்து பிராசஸர் மேல் இருக்கும், உள்ளே தண்ணீர் ஓடும் காப்பர் பிளாக்குக்குக் குழாய். செலவு குறைவு, யோசனையும் மோசமில்லை. திரையில் பிராசஸர் 38 டிகிரி என்று காட்டியதாம். 38 டிகிரியில் எப்படித் தண்ணீர் படியும் என்று என்னிடம் கேட்டார். அந்த எண் சிப்புக்குள் இருக்கும் சென்சார் சொல்வது. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பிளாக்கும், குழாயும், சாக்கெட்டைச் சுற்றியுள்ள போர்டும் எத்தனை டிகிரியில் இருக்கின்றன என்று அது சொல்லாது.

குழாயில் ஈரத்தைப் பார்த்ததும் அவர் கணினியை ஷட்டவுன் செய்து, துணியால் துடைத்து, ஹேர் டிரையர் காட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். காலையில் உயிர் இல்லை. கழற்றிப் பார்த்தால் போர்டின் பின்பக்கம், சாக்கெட்டுக்கு நேர் கீழே, பச்சை பூத்திருந்தது. சாக்கெட் பின்கள் சில கறுத்துப்போயிருந்தன. பிளாக்கிலிருந்து வழிந்த நீர் கீழே இருந்த கிராபிக்ஸ் கார்டையும் கொன்றுவிட்டது. அந்த இரண்டின் விலைக்கு ஒரு நல்ல கூலரை எத்தனையோ தடவை வாங்கியிருக்கலாம்.

ராத்திரியில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. பம்ப் தனி அடாப்டரில் இருந்ததால் ஐஸ் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. கணினி ஓடும்போதாவது சிப்பின் சூடு பிளாக்கைக் கொஞ்சம் காப்பாற்றும். அணைத்த பிறகு அந்தச் சூடும் இல்லாமல் எல்லாமே ஐஸ் குளிருக்கு இறங்கி, முன்னைவிட அதிகமாக வியர்த்தது. அடுத்தது, ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரமும், தூசியில் இருக்கும் உப்பும், அந்த 5 வோல்ட்டும் சேர்ந்தால் செம்புத் தடங்களை அரித்துத் தின்ன ஒரு ராத்திரி தாராளம். ஈரத்தைக் கண்ட மறுநொடி சுவர் ஸ்விட்சை அணைத்து வயரைப் பிடுங்குங்கள். துடைப்பதெல்லாம் அப்புறம்.

பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேலே ஓட்டிச் சாதனை படைப்பவர்கள் 196 டிகிரி மைனஸில் இருக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்களே என்று கேட்பார்கள். 2022 கடைசியில் ஒரு இன்டெல் 13900கே பிராசஸர் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது அதைவிடவும் குளிரான திரவ ஹீலியத்தை ஊற்றித்தான். ஆனால் அவர்கள் சாக்கெட்டைச் சுற்றி வாஸ்லின் பூசுகிறார்கள், ஓவியர்கள் பயன்படுத்தும் பிசையும் ரப்பரை அப்புகிறார்கள், போர்டின் பின்புறம்வரை நுரை ஒட்டி மூடுகிறார்கள். ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்துவிடுவார்கள். தினமும் எட்டு மணி நேரம் ஓட வேண்டிய கணினிக்கு அது பொருந்தாது. இன்டெல்லே 2020இல் பெல்டியர் வைத்த கிரையோ கூலிங் முறையைக் கொண்டுவந்தபோது, ஈரப்பதத்தை அளந்து பனிநிலைக்குக் கீழே போகாதபடி கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே கொடுத்தது. 2023இல் அதையும் கைவிட்டுவிட்டது.

ஈரப்பதமானி மலிவாகவே கிடைக்கிறது. அதை வாங்கி, பனிநிலையைவிட மூன்று நான்கு டிகிரி மேலேயே தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பெல்டியரை நம்புவது

கடையில் எளிதாகக் கிடைக்கும் 12706 பெல்டியர் அதிகபட்சம் கடத்தும் வெப்பம் ஐம்பது வாட் சொச்சம். அதுவும் இரண்டு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான். இரு பக்க வித்தியாசம் கூடக்கூட அது குறையும். அதற்குக் கொடுக்கும் மின்சாரமும் வெப்பமாகிச் சூடான பக்கத்தில் சேரும். 125 வாட் பிராசஸர் மேல் இதை ஒட்டினால் சாதாரணக் கூலரைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அலுமினிய ரேடியேட்டரும் காப்பர் பிளாக்கும்

ஒரே தண்ணீரில் சேர்க்காதீர்கள். அலுமினியம் அரிக்கும்.

லிக்விட் மெட்டல்

பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் இந்தத் திரவ உலோகம் அலுமினியத்தின் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது.

எண்ணெய்க் குளியல்

மினரல் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் போர்டு ஓடும். சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள், சிக்கு வாடை வந்து பிசுபிசுக்கும். மூச்சுத்துளை உள்ள ஹார்ட் டிஸ்க்கை மூழ்கடித்தால் அத்தோடு சரி. வயருக்குள்ளேயே எண்ணெய் மெல்ல ஏறி மானிட்டர் பக்கம்வரை கசிவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எண்ணெய்க்கும் ரேடியேட்டர் வேண்டும் என்பதை மறப்பவர்கள் இன்னும் அதிகம். தொட்டி பெரிதாக இருந்தால் சூடாகத் தாமதமாகும், அவ்வளவுதான். சூடாகாமல் இருக்காது.

மூடிய அறையில் உலர்பனியோ நைட்ரஜனோ

வேண்டாம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகி, மூச்சுவிட வேண்டிய ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயங்கி விழுவீர்கள்.

சம்ப் தண்ணீரை நேராக பிளாக்கில் விடுவது

விபரீத யோசனைகளில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது வீட்டுச் சம்ப். 5,000 லிட்டர் தண்ணீரில் 300 வாட் வெப்பத்தை எட்டு மணி நேரம் இறக்கினாலும் அது சூடாவது அரை டிகிரிகூட இல்லை. சம்ப் தண்ணீர் பெரும்பாலும் பனிநிலைக்கு மேலேயே இருப்பதால் வியர்வைத் தொல்லையும் குறைவு. இருந்தாலும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, அந்தத் தண்ணீரையே பிளாக்குக்குள் விடுவது. போர் தண்ணீரின் உப்பும் மண்ணும் மெல்லிய இடுக்குகளை அடைத்துவிடும். உள்ளே டிஸ்டில்டு வாட்டர் ஓடும் மூடிய சுற்று வேண்டும். காப்பர் சுருள் மட்டும் சம்பில் மூழ்கியிருக்க வேண்டும். வீட்டார் பயன்படுத்தும் தண்ணீர் என்பதால் கிளைகால் என்ற ரசாயனம் கலந்த கூலண்ட்டை இந்தச் சுற்றில் ஊற்றவே கூடாது. சுருளில் ஓட்டை விழுந்தால் மேலே இருக்கும் தண்ணீர் மொத்தமும் சம்புக்கு இறங்கி, பம்ப் காய்ந்து ஓடும். அதனால் சுற்றின் தண்ணீர் நிற்கும் சிறு தொட்டியான ரிசர்வாயரில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்து, மட்டம் இறங்கினால் கணினி தானாக அணையும்படி இணைத்துவிட்டுத்தான் முதல் தடவை ஓட்ட வேண்டும்.