எஸ்.ஜி.ஓ.டி நார்மல் என்றால் ஈரல் பத்திரமா?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த லேபில் ஈரல் சோதனை எடுத்தாலும் தாள் நிறைய எண்கள் வரும். அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்தில் எதுவும் இல்லையென்றால் தாளை மடித்து வைத்துவிட்டு அன்று சாயங்காலமே டாஸ்மாக் பக்கம் போகிறவர்கள் உண்டு. இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான்.

எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் ஈரல் செல்கள் காயப்படும்போது இரத்தத்தில் கசியும் என்சைம்கள். இப்போது காயம் நடக்கிறதா என்று காட்டும். நல்ல ஈரல் எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், முற்றியவருக்கும் இவை நார்மலாக வரலாம். எவ்வளவு மிச்சம் என்று அறிய அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிரூபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி), ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டுவது), பிளேட்லெட் (இரத்தத் தட்டணுக்கள்) எல்லாம் பார்க்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கை சி.பி.சி என்கிற இரத்த அணுக்கள் சோதனைத் தாளில்தான் இருக்கும், அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது, "எஸ்.ஜி.ஓ.டி 150 தானே, பக்கத்து வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலையில் ஆயிரம் தாண்டியதே" என்று ஆறுதல் அடைவது. ஆயிரக்கணக்கில் ஏறுவது பெரும்பாலும் வைரஸ் காமாலையிலும், பாராசிட்டமால் அளவு மீறும்போதும்தான். குடியால் வரும் ஈரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி 400-ஐத் தாண்டுவதே அபூர்வம். அங்கே கவனிக்க வேண்டியது விகிதம்: எஸ்.ஜி.பி.டி-யைவிட எஸ்.ஜி.ஓ.டி இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடியைச் சந்தேகிக்கலாம். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறைவதால் எஸ்.ஜி.பி.டி அவ்வளவாக ஏறாது. எண் சின்னதாக இருக்கும்போதே ஆள் ஆபத்தான நிலையில் இருக்கக்கூடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குடித்தால் கூடும் இன்னொரு ஈரல் என்சைமான ஜி.ஜி.டி கூடியிருக்கிறது என்று மட்டும் பார்த்து வீட்டில் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். கொழுப்பு ஈரல், சர்க்கரை நோய், பித்தக்குழாய் அடைப்பு, வலிப்புக்குத் தரும் பெனிடாயின் மாத்திரை என்று அது ஏறப் பல வழிகள். எஸ்.ஜி.ஓ.டி தசையிலும் இருக்கிறது. குளச்சலில் நாள் முழுக்க வலை இழுத்தவருக்கு அது கொஞ்சம் கூடியிருந்தால் தசைக் காயத்தைக் காட்டும் சி.கே சோதனையும் பார்த்துவிட்டுப் பேசலாம்.

எண் ஏறியதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பத்தியத்தோடு குடியும் நிற்கும், எண் இறங்கும். பேர் மட்டும் கீழாநெல்லிக்கு!

அப்புறம், வளைகுடா வேலைக்கான மெடிக்கலுக்கு முன்னால் பத்து நாள் குடியை நிறுத்திவிட்டால் போதும் என்ற கணக்கு. எஸ்.ஜி.ஓ.டி சில நாளில் இறங்கத் தொடங்கும், சரி. ஆனால் ஜி.ஜி.டி பாதியாகவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். குடியால் பெருத்த சிவப்பணுக்களின் அளவைக் காட்டும் எம்.சி.வி சரியாக மாதக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம், தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையோ தெரிந்த டாக்டரோ, தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும்.