பள்ளிக்கூடம் திறக்கிறீர்களா? பிளீச்சிங் பவுடரைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஜன்னலைத் திறங்கள்

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளைத் தமிழ்நாட்டில் ஒரே மூச்சில் திறக்கவில்லை. 2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் வந்தார்கள், இரண்டாம் அலையில் மறுபடி பூட்டு, செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நவம்பர் 1-இல்தான் சின்னப் பிள்ளைகள், 2022 ஜனவரியில் இன்னொரு பூட்டு, பிப்ரவரி 1-இல் மறுபடி திறப்பு. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே தவறுகளைத்தான் செய்தோம். வாத்தியார் என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு உண்டு. இன்னொரு தடவை இப்படிப் பூட்டிய பள்ளியைத் திறக்க நேர்ந்தால் அவற்றைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற வேலையை மட்டும் செய்வது. வாசலில் கோலம் போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர், பெஞ்சைத் துடைத்துத் துடைத்து பெயிண்டே போய்விட்டது. ஆளுக்கு மேலேயே மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம்கூட 2020 ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் முளைத்தது, கொஞ்ச நாளிலேயே சுகாதாரத் துறை வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. தொட்ட பொருளால் இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கை கழுவுவது நல்லதுதான், வயிற்றுப்போக்காவது குறையும். ஆனால் இந்த நோய் பரவுவது காற்றில்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு அறைக்கு நான்கு ஜன்னல். இரண்டைக் குரங்குத் தொல்லைக்காக எப்போதோ கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள், மூன்றாவதை மறைத்துக்கொண்டு ஒரு பீரோ. ஆக, முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஜன்னல், அதையும் மழைச்சாரல் அடிக்கிறது என்று யாராவது சாத்திவிடுவார்கள். ஒரு கட்டிங் பிளேயரும் பத்து நிமிஷமும் போதும், அதைச் செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. மேலே சுற்றும் ஃபேன் உள்ளே இருக்கிற காற்றையேதான் கலக்கிவிடும், அதை நம்பாதீர்கள்; ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்த்து வைத்தால் பழைய காற்று போகும், எதிர்ப்பக்கக் கதவு வழியாகப் புதுக்காற்று வரும். இஸ்ரேலில் 2020 மே மாதம் பள்ளிகளை முழுசாகத் திறந்த சில நாளிலேயே கடும் வெயில், அதனால் மூன்று நாள் முகக்கவசத்துக்கு விலக்கு, அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டேயிருந்தது, நெருக்கமான வகுப்புகள் வேறு. ஜெருசலேமில் ஒரே பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று.

அடுத்தது அந்தத் துப்பாக்கி வெப்பமானி. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பையனுக்கு அது காய்ச்சல் என்கிறது, வேர்த்த நெற்றியில் வைத்தால் 34 டிகிரி காட்டுகிறது. 34 டிகிரியில் ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றால் பழுது பையனிடம் இல்லை. தொற்று இருந்தும் காய்ச்சலே வராத பிள்ளைகள்தான் நிறைய. வாசலில் ஆளை நிறுத்துவதைவிட "இருமலா, தொண்டை வலியா, வீட்டிலேயே இரு" என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்வது பலமடங்கு பயன் தரும். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே முழு வருகைக்குப் பரிசு கொடுக்காதீர்கள்! சளியோடு வருகிற பிள்ளைக்கு நாமே பேனா வாங்கித் தந்த கதையாகிவிடும்.

பெரியவர்களுக்கும் இதேதான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 2021 மேயில், தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் உடம்பு சரியில்லாமலேயே இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார், வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டார். 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று, முன்னால் இருந்த இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேருக்கு. இத்தனைக்கும் அங்கே ஜன்னல் திறந்திருந்தது. நம் ஊரில் அப்போது வகுப்பில் ஒழுங்காக முகக்கவசம் போட்ட ஆசிரியர்கள் மதியம் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குழம்பு பரிமாறிக்கொண்டார்கள். நானும்தான். மரத்தடியில் தள்ளித்தள்ளி உட்காரலாம், சத்துணவு வரிசையையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்துவிடலாம், மணி அடித்ததும் எல்லோரையும் ஒன்றாக அனுப்புவது வேண்டாம். ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் இடித்துக்கொண்டு வருவதைப் பள்ளி தடுக்க முடியாது, ஓட்டுநரிடம் பக்கத்துத் தார்ப்பாயைச் சுருட்டச் சொல்லலாம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதம் என்று அப்போது பெற்றோரிடம் வாங்கிய கடிதம் ஒரு தகவல், அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிவிட்டோம், இனி நம் பொறுப்பில்லை என்று ஃபைலில் குத்தி வைப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்தேன்.

கட்டடத்தை மறந்துவிடுவது இன்னொன்று. ஒன்றரை வருஷம் கிடந்த மேல்நிலைத் தொட்டியில் என்னவெல்லாம் இருக்கும் என்று ஏறிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் முழுவதையும் திறந்து வெளியேற்றுங்கள். கழிப்பறையில் குளவிக்கூடு இருக்கும். நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, உடைந்த வாளியிலும் டயரிலும் டெங்கு கொசு. 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சுவருக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எல்லோரும் கிருமியையே பார்த்துக்கொண்டிருந்தால் சுவரை யார் தட்டிப் பார்ப்பது?

சரி, பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று விட்ட பாடத்திலிருந்து தொடங்கிவிடாதீர்கள். 2021 நவம்பரில் என் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு அறையையே பார்த்ததில்லை, பென்சிலை முஷ்டியால் பிடித்தார்கள். அந்த அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி மாலை நேர வகுப்பு நடத்த வேண்டிவந்தது இதனால்தான்.

அப்புறம், வராதவர்கள். முதல் நாள் வந்தவர்களை எண்ணி மேலே அனுப்புவதோடு நிறுத்திவிடுகிறோம், பதிவேட்டில் இருந்து வராத பெயர்களைத் தனித்தாளில் எழுதுவதில்லை. முதல் வாரத்திலேயே எழுதி, பெண்பிள்ளை என்றால் பெண் ஆசிரியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். பட்டறை வேலைக்குப் போன பையனைத் தேடிச் சனிக்கிழமை போனால் அவனுக்குச் சம்பள நாள், வீட்டில் இருக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் போனால் தூங்கிக்கொண்டிருப்பான், பிடித்துவிடலாம்.