எண்ணெயைப் பாருங்கள், அப்புறம் ஒயினை எடுங்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் ஒயின் என்றால் பெரியம்மா போடும் கிறிஸ்துமஸ் ஒயின்தான். பெங்களூர் புளூ திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. நவம்பரில் பீங்கான் ஜாடியில் போட்டு வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவார். அந்த இனிப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு ஸ்பெயின் ஒயின் முதல் வாயில் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தட்டில் வந்த பிறகுதான் அதன் ருசி புரிந்தது.

நான் ஸ்பானியச் சமையல் தொடங்கிய புதிதில் அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். காம்பாஸ் அல் அஹீயோ செய்தேன். மெல்லிசாகச் சீவிய பூண்டையும் ஒரு காய்ந்த மிளகாயையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, இறாலைப் போட்டுப் புரட்டி உடனே இறக்குவது. இறால் அன்று காலை ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கியது. கூடவே நல்ல விலையில் வாங்கிய சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்தேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, இறால் நேத்து வாங்கினதா?" என்றார். நானும் குடித்துப் பார்த்தேன், ஒரே கவிச்சி. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன், இறாலோடு சேர்ந்தால் இப்படிக் கவிச்சியைக் கிளப்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இறாலின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது அதே இறாலுக்கு ஃபீனோ ஊற்றுகிறேன். ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் ஊரில் செய்யும் ஷெர்ரி ஒயினில் இது ஒரு வகை. ஷெர்ரி என்றதும் இனிப்பு என்று நினைக்காதீர்கள், ஃபீனோவில் இனிப்பு துளியும் இருக்காது. அறுநூறு லிட்டர் பீப்பாயில் ஐந்நூறு லிட்டர் மட்டும் நிரப்பி, மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். அந்த இடத்தில் ஒயினின் மேல் ஈஸ்ட் வெள்ளைப் படலமாகப் படரும். நம் ஊறுகாய் ஜாடியில் அப்படிப் படர்ந்தால் போச்சு, ஜாடியோடு கொட்ட வேண்டியதுதான். அங்கே அந்தப் படலம்தான் ஒயினைக் காற்றுப் படாமல் காக்கிறது. அதை அவர்கள் ஃப்ளோர் என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் பூ என்று அர்த்தம். நாமும் பூசணம் 'பூத்திருக்கிறது' என்றுதானே சொல்கிறோம்! இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே மாதிரித் தோன்றியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

கடலோரம் சான்லூகார் ஊரில் இதே முறையில் செய்வது மன்சனீயா. அதில் லேசாக ஓர் உப்புத்தன்மை தெரியும். ஆலிவ் காய், வறுத்த பாதாம், பொரித்த நெத்திலி, கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டில் ஒன்று போதும். கஸ்பாச்சோவில் வினிகர் இருப்பதால் மற்ற ஒயின்கள் அதன் பக்கத்தில் சப்பென்று ஆகிவிடும், இவை தாக்குப்பிடிக்கும். நன்றாகக் குளிரவைத்துச் சின்ன கிளாஸில் ஊற்றுங்கள். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிட வேண்டும். ஷெர்ரி எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காத வாரம் இனிப்பில்லாத நாசிக் சாவினியோன் பிளாங்க் வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்கிறேன். அதே நாசிக்கின் செனின் பிளாங்க் வேண்டாம், பல பாட்டில்களில் இனிப்புத் தங்கியிருக்கும். ஸ்பெயினின் கலீசியா பகுதியில் செய்யும் அல்பரீனியோ வெள்ளை ஒயின் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சிப்பி, நண்டு, கணவாய்க்கு அதுதான்.

உருளைக்கிழங்கு தோர்தீயா என்ற ஸ்பானிய ஆம்லெட்டுக்குக் கவா என்ற நுரை ஒயின். முட்டை, கிழங்கு, வெங்காயம் மூன்றும் எண்ணெயில் ஊறியிருக்கும், நாக்கில் ஒரு பூச்சு மாதிரி ஒட்டும். கவாவின் நுரையும் புளிப்பும் அதை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிடும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, குறைந்தது 9 மாதம் வைத்திருந்து எடுக்கும் ஒயின் அது. லேபிளில் 'ப்ரூட்', அதாவது இனிப்பு மிகக் குறைவு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பெயினின் வலென்சியாக்காரர்கள் செய்யும் பாயெயா சோற்றில் கோழி, முயல், பீன்ஸ், அப்புறம் நம் டபுள் பீன்ஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பருப்பு எல்லாம் போடுவார்கள். நான் முயலை விட்டுவிட்டுக் கோழி மட்டும் போடுகிறேன். சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலுக்கு அங்கேயும் சண்டை உண்டு. குங்குமப்பூ வாசமும் காந்தலின் கசப்பும் கலந்த இந்தச் சோற்றுக்கு அழுத்தமான சிவப்பு வேண்டாம். கர்னாச்சா திராட்சையில் செய்த நவார்ரா பகுதி ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின் கச்சிதமாகப் பொருந்தும்.

சிவப்பு ஒயின் ஆட்டுக்கறிக்கு. இங்கே துவர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்த இழுப்புதான் சிவப்பு ஒயினிலும் இருக்கிறது. கறியின் கொழுப்பும் புரதமும் அதை அடக்கும். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் திராட்சைக் கொடியின் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகளைச் சுடுவார்கள். நான் கறி வாங்கி வந்து கல் உப்பும் பூண்டும் மட்டும் தடவிக் கரி அடுப்பில் வாட்டுகிறேன். மிளகாய்த்தூள் பக்கம் கை போகவே கூடாது. ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை இரண்டு பங்காக்கிவிடும்.

ரியோஹா பாட்டிலில் 'கிரியான்சா' என்றிருந்தால் இரண்டு வருஷம் வைத்திருந்தது, அதில் ஒரு வருஷமாவது மரப் பீப்பாயில். வீட்டுச் சாப்பாட்டுக்கு இதுவே தாராளம். இறக்குமதி வரியால் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நந்தி மலைப் பக்கத்து க்ரோவர் கம்பெனியின் லா ரிசர்வ் சிவப்பு ஒயினை வாங்குங்கள். கபர்னே, ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகள் கலந்தது, கறிக்கு நன்றாக நிற்கும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். அந்த அறை ஐரோப்பிய அறை. 16, 17 டிகிரி இருந்தால் சரி. ஏப்ரலில் என் சமையலறை 30 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். ஊற்றுவதற்கு அரைமணி முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடைசியாக, பெரியம்மாவுக்கென்று ஒரு பாட்டில் வைத்திருப்பேன். பெத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையைப் பறித்து, வெயிலில் காயவைத்து, சுருங்கிய பிறகு பிழிந்து செய்யும் ஷெர்ரி. வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக, கெட்டியாக இறங்கும். திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. வெனிலா ஐஸ்கிரீமின் மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கொடுத்தால் போதும். போன ஈஸ்டருக்குப் பெரியம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, "கிராம்பு போடலையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.