கடலோரச் சாயப் பட்டறைக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் துணியைத் துவையுங்கள்

கடற்கரையில் ஒரு நாள் பட்டறை, துணியைக் கையாலேயே முடிச்சுப் போட்டு அவுரி (இண்டிகோ) நீலத்தில் தோய்க்கலாம் என்றதும் பலரும் முதலில் யோசிப்பது எந்தத் தொப்பி, எந்தக் கூலிங் கிளாஸ் என்றுதான். துணி ஞாபகம் வருவது கிளம்புகிற அன்று காலையில். பாதி சொதப்பல் அங்கேயே ஆரம்பம்.

கடையில் வாங்கிய புதுத் துணியை மடிப்புக் கலையாமல் எடுத்துப் போகாதீர்கள். அதில் கஞ்சி இருக்கும், சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். முந்தின நாளே வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துவிடுங்கள், வாசனைக்கு ஊற்றுகிற சாஃப்ட்னர் மட்டும் வேண்டாம், அது நூல்மேல் படலமாக உட்கார்ந்துகொள்ளும். பாலியஸ்டரில் அவுரி ஏறாது. பருத்தி, லினன், பட்டு என்றால் சரி. சுத்தப் பருத்திச் சட்டை என்று நம்பி நான் ஒன்றை முக்கினேன், துணியெல்லாம் அழகான நீலம், தையல் மட்டும் வெள்ளை வெளேரென்று பல்லிளித்தது. தைத்த நூல் பாலியஸ்டர்! (இப்போது அதுதான் டிசைன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.)

வெயிலுக்குப் பயந்து சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு அதே கையோடு துணியை மடித்தால், எண்ணெய்ப் பசை பட்ட இடமெல்லாம் வெளிறிப்போய் விரல் தடம் தெரியும். பூசுங்கள், ஆனால் உள்ளங்கையைக் கழுவிவிட்டுத் துணியைத் தொடுங்கள். கையுறையும் முக்கியம், நகத்தில் ஏறிய நீலம் நாள்கணக்கில் போகாது.

அப்புறம் சாயத் தொட்டி. அவுரி தண்ணீரில் தானாகக் கரையாது, ஆக்சிஜனை விரட்டி வைத்திருப்பதால்தான் உள்ளே கரைந்து கிடக்கிறது. சளக் சளக்கென்று அலசினால் காற்று புகுந்து எல்லோருக்கும் சேர்த்துத் தொட்டியைக் கெடுப்பீர்கள். நனைத்துப் பிழிந்த துணியை மெதுவாக இறக்குங்கள், மெதுவாக எடுங்கள். வெளியே வரும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். ஐயோ, சாயம் பிடிக்கவில்லை என்று உடனே திரும்ப முக்குகிறார்களே, அதுதான் தவறு. சில நிமிடம் பொறுங்கள், காற்றுப் பட்ட ஓரத்திலிருந்து நீலம் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், மடிப்புக்குள்ளே மட்டும் இன்னும் பச்சை ஒளிந்திருக்கும். அடர்த்தி வேண்டுமென்றால் ஒரேயடியாக ஊறவிடாமல், முக்குவதும் காற்றாட விடுவதுமாக மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் வெளுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காயப்போடும்போதுதான் கடல் தன் வேலையைக் காட்டும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று வலுக்கும், ஒரே ஒரு கிளிப் போட்டால் துணி மணலில் புரளும். காலையிலேயே தோய்த்து முடிப்பது நல்லது. தண்ணீர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அலையில் போய் அலசாதீர்கள். உப்பு ஏறிய துணி காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கத்தரி, ஊசியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும்.

திரும்பும்போது துணி ஈரமாகத்தான் இருக்கும், மூடியுள்ள வாளி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் கட்டி வைத்து, அது வழியில் கசிந்து பையெல்லாம் நீலமாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.