கடி ஈ எந்தக் கால்நடையைத் தேடுகிறது? வயிற்று ரத்தத்தில் மரபணு பார்க்கும் முறை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் ஒரே தோட்டத்தில் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி எல்லாம் இருக்கும். ஈ எதை விரும்பிக் கடிக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மாட்டின் முன்காலில் உட்காரும் ஸ்டோமாக்ஸிஸ் என்ற தொழுவ ஈ கண்ணில் படும். இரவில் செம்மறியைக் கடிக்கும் கியூலிகாய்டிஸ் என்ற மிகச் சிறு பூச்சி படாது. அது குடித்த ரத்தம்தான் சாட்சி.

ஸ்டோமாக்ஸிஸுக்கும் டபானஸ் என்ற பெரிய குதிரை ஈக்கும் நீலமும் கறுப்புமான துணிப்பொறி. கியூலிகாய்டிஸுக்குப் புற ஊதா விளக்குப் பொறி. விளக்குப் பொறியைப் பொழுது சாயுமுன் மாட்டி விடிந்ததும் எடுக்கவும். கட்டுத்தரையை ஒட்டி வைத்தால் மாட்டு ரத்தமே மிகுந்து வரும், ஆகவே ஆட்டுப்பட்டிக்கும் கட்டுத்தரைக்கும் நடுவில் வைக்கவும். துணிப்பொறியில் விழுவது பெரும்பாலும் பசித்த ஈ. குடித்த ஈ சுவரிலும் கிளுவை வேலியிலும் ஓய்ந்திருக்கும். அதைக் கைவலையால் பிடிக்கவும்.

வயிறு சிவந்து உப்பியது மட்டும் போதும். கறுத்துவிட்டால் ரத்தம் செரித்து டி.என்.ஏ. சிதைந்திருக்கும். உயிரோடு டப்பாவில் வைத்திருந்தால் செரிமானம் நிற்காது; பிடித்த உடனே 95 சதவீத எத்தனாலில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும்.

ஒவ்வொரு ஈக்கும் புது பிளேடு. வயிற்றை மட்டும் வெட்டி எடுத்து, தலை, மார்பு, இறக்கையை இனம் காண ஒதுக்கவும். 180 மைக்ரோலிட்டர் கரைப்புக் கரைசலில் நசுக்கி, புரோட்டினேஸ் கே 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, 56 டிகிரியில் இரவு முழுக்க வைக்கவும். பிறகு சிலிக்கா வடிகட்டி உள்ள குழாயில் டி.என்.ஏ.வைப் பிரித்து 50 மைக்ரோலிட்டர் கரைசலில் இறக்கவும். ஒவ்வொரு தொகுதியிலும் ஈயே போடாத ஒரு குழாய் கூடவே போக வேண்டும். பி.சி.ஆருக்குப் பின் ஜெல்லில் அதற்கு டி.என்.ஏ. பட்டை தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆருக்கு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணு; பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர் முதுகெலும்பிகளுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கட்டும், இல்லையேல் ஈயின் மரபணுவே பெருகும். 25 மைக்ரோலிட்டர் கலவையில் டி.என்.ஏ. 2 மைக்ரோலிட்டர். 95 டிகிரியில் 5 நிமிடம். பின் 95, 55, 72 டிகிரிகளில் முறையே 30, 30, 45 விநாடி, 35 சுற்று. 55 என்பது தொடக்கம்தான், பிரைமருக்கேற்ப மாற்றவும்.

பட்டை வரவில்லையென்றால் முதலில் ரத்தத்தின் ஹீமைச் சந்தேகிக்கவும். அது என்சைமைத் தடுக்கும். டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடையை நீக்கப் பலரும் பி.எஸ்.ஏ. என்ற அல்புமின் புரதத்தைச் சேர்ப்பார்கள். அது மாட்டு சீரத்திலிருந்து எடுப்பது; மாட்டு டி.என்.ஏ. ஒட்டியிருந்தால் எல்லா ஈயும் மாட்டையே கடித்ததாகக் காட்டும். இந்த ஆய்வில் நீர்ப்பதே பத்திரம். பட்டை வந்ததும் அந்த டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்து எந்த விலங்கு என்று பார்க்கவும். வரிசையில் ஒரே இடத்தில் இரட்டை உச்சிகள் வந்தால் ஈ இரண்டு விலங்கில் குடித்திருக்கலாம். மாடு வாலால் விரட்ட விரட்ட ஸ்டோமாக்ஸிஸ் ஆள் மாறும். அவற்றைத் தனித்தனி விலங்கின் பிரைமரால் மறுபடி ஓட்டவும்.

காங்கேயம் நாட்டு மாடா, ஜெர்சி கலப்பா என்பதை இந்த மரபணு சொல்லாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது; நாட்டுப்பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போட்டுப் பிறந்த கிடாரிக் கன்றும் அதன் மகள்வழிப் பேத்தியும் நாட்டு வரிசையையே காட்டும். அதைப் பிரிக்க மைக்ரோசாட்டலைட் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் குறுகிய டி.என்.ஏ. பகுதிகளைப் பார்த்து, தோட்டத்து மாடுகளின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

கடைசியில், தலை எண்ணாமல் விருப்பத்தைச் சொல்லவே முடியாது. ரத்தத்தில் 70 சதவீதம் மாடு, தோட்டத்து உருப்படிகளில் மாடு 20 சதவீதம் என்றால் விகிதம் 3.5, ஒன்றுக்கு மேல் போனால்தான் விருப்பம் என்று பேசலாம். மாட்டின் உடம்பு ஆட்டைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் கணக்கில் கொள்ளவும். ஈ கடிக்கும் நேரத்தில் அங்கே நிற்பதை எண்ணுங்கள்: பகலில் ஆடு கொறங்காட்டில் மேயும், இரவில் பட்டிக்குள் அடையும். பகல் ஈக்கும் இரவுப் பூச்சிக்கும் கணக்கு தனித்தனி.