முகத்தில் படும் காற்றை நம்பிப் பாய் விரிக்காதீர்கள்

நேராகக் கொட்டும் மழையில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? நின்றால் தலையில் விழுகிற மழை, வண்டி கிளம்பியதும் முகத்தில் அறையும். மழை அதன் போக்கில்தான் பெய்கிறது, நகர்வது நாம். பாய்மரப் படகில் காற்றும் இப்படித்தான். அசையாமல் நிற்பவருக்குப் படுவது உண்மைக் காற்று. ஓடும் படகில் இருப்பவருக்குப் படுவதோ, அந்தக் காற்றும் படகின் ஓட்டத்தால் எதிரே கிளம்பும் காற்றும் கலந்தது. அது தோற்றக் காற்று. பெயர்தான் அப்படி, பொய்க் காற்று அல்ல. பாயில் பட்டுப் படகை இழுப்பதே அதுதான்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் ஆபத்தானது, காற்று பின்னாலிருந்து வீசும்போது நடப்பது. உண்மைக் காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). படகு அதே திசையில் 6 நாட் வேகத்தில் போகிறது. உங்கள் மேல் படுவது 9 நாட்தான். அலையும் கூடவே வருவதால் ஆட்டம் குறைவு, தலையில் தொப்பி அசையாமல் இருக்கிறது. "இன்றைக்குக் காற்றே இல்லையே" என்று இருக்கிற பாயையெல்லாம் விரித்துவிடுவார்கள்.

அப்புறம் திரும்பி வரவேண்டுமே! உண்மைக் காற்றுக்கு 45 டிகிரி கோணத்தில் படகைத் திருப்பி, அதே 6 நாட் வேகத்தில் ஓட்டினால் தோற்றக் காற்று கிட்டத்தட்ட 20 நாட். 9 எங்கே, 20 எங்கே! அதோடு, காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும்: 9-இன் வர்க்கம் 81, 20-இன் வர்க்கம் 400. பாயின் மேல் விழும் சுமை ஏறக்குறைய ஐந்து மடங்கு. வானிலையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் படகு சட்டென்று சாயும், சுக்கான் கையில் கனக்கும், கீழே அறையில் பாத்திரங்கள் உருளும். நானும் ஒருமுறை தண்ணீரில் தவறி விழுந்த வாளியை எடுக்க அவசரமாகத் திரும்பி இதைத்தான் கற்றுக்கொண்டேன். வாளி போனது போனதுதான்.

ஆகவே காற்று பின்னால் இருக்கும்போது, உடம்பில் படும் காற்றோடு படகின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். கழுத்தைத் திருப்பி, வரும் அலைகளையும் பாருங்கள். போகும் அலையின் முதுகு எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். வெள்ளை நுரைத்தலைகள் அடிக்கடி தெரிந்தால், காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 4, அதாவது 11 முதல் 16 நாட். பாயைச் சுருக்குவதா வேண்டாமா என்பதைத் திரும்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்த தவறு நுட்பமானது. எதிர்க்காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், காற்று திடீரென்று தணிகிறது. பாயின் முன் விளிம்பு படபடக்கிறது, பாய்மர உச்சியில் இருக்கும் காற்றுத் திசைகாட்டி முன்பக்கம் நகர்கிறது. "காற்று திசை மாறிவிட்டது" என்று சுக்கானை இழுத்துப் படகைக் காற்றிலிருந்து விலக்குவார்கள். மாறியது திசை இல்லை. காற்று 10 நாட்டிலிருந்து 6-க்கு இறங்கியும் படகு பழைய வேகத்திலேயே கொஞ்ச நேரம் ஓடுகிறது. கலவையில் படகின் பங்கு கூடிவிட்டது. 5 நாட் வேகத்தில் போகும் படகுக்கு இதனாலேயே தோற்றக் காற்று 6 டிகிரி அளவுக்கு முன்னால் வரும். பொறுங்கள், படகின் வேகம் குறைந்ததும் அது பழைய இடத்துக்குத் திரும்பும். பலத்த வீச்சு வந்தால் இதற்கு நேர்மாறு: தோற்றக் காற்று சற்றுப் பின்னால் போகும், பாயைக் கொஞ்சம் தளர்த்தலாம் அல்லது படகைக் காற்றை நோக்கிச் சற்றுத் திருப்பலாம்.

காற்று வரும் திசையில் இருக்கும் இலக்கை நோக்கி இடமும் வலமுமாக வளைந்து போகும்போது, எப்போது பக்கம் மாற்றித் திரும்புவது என்பதிலும் இதே குழப்பம்தான். காற்றுத் திசைகாட்டி 30 டிகிரி காட்டுகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 60 என்று கணக்குப் போட்டுச் சீக்கிரமே திரும்பினால் இலக்கு மிதவைக்குக் கீழ்க்காற்றுப் பக்கம்தான் (காற்று போகும் பக்கம்) போய் நிற்பீர்கள். படகு திரும்புவது உண்மைக் காற்றை ஒட்டி. பல படகுகளுக்கு அந்தத் திருப்பம் 90 டிகிரிக்குப் பக்கம், எனவே மிதவை உங்கள் தோளுக்கு நேர் பக்கவாட்டில் வரும்வரை காத்திருங்கள். பாயைச் சரிசெய்யத் தோற்றக் காற்று. வழி போடவும், வானிலை அறிக்கையோடு ஒப்பிடவும் உண்மைக் காற்று.

கருவி இருக்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் பாய்மர உச்சியில் இருக்கும் மானி அளப்பது தோற்றக் காற்றை மட்டும்தான். திரையில் தெரியும் உண்மைக் காற்று, படகின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. அந்த வேகத்தைப் பல படகுகளில் அடியில் சுழலும் சின்னச் சக்கரம்தான் சொல்கிறது. அதில் பாசி படிந்து 6 நாட்டை 3 என்று காட்டினால், பின்காற்றில் போகும்போது 15 நாட் காற்றைத் திரை 12 என்று சொல்லும். எனவே அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போது கழற்றுவதென்றால், துளையை அடைக்கும் மூடியை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.